இடுப்பு வலிக்குப் பாட்டு கேட்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்

கோத்தகிரி மார்க்கெட்டுக்குப் பின்னால் இறங்குகிற படிக்கட்டுப் பக்கம் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. 2022-ல் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், பாசி பிடித்த அந்தப் படியில் வழுக்கி, தோளில் இருந்த துணிமூட்டையோடு உட்கார்ந்த வாக்கில் மூன்று படி இறங்கிவிட்டேன். எழுந்து நானேதான் நடந்து வீட்டுக்குப் போனேன். தைலம் தேய்த்தேன், மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டேன், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கார்த்திகை முடிந்தது, மார்கழிப் பனியும் வந்தது, வலி போகவில்லை. இடுப்பில் ஆரம்பித்து வலது தொடையின் பின்பக்கமாக இறங்கி, மெஷின் மிதிக்கிற பாதம் வரைக்கும் மின்சாரம் இழுப்பதுபோல் இழுத்தது.

ஜனவரியில் கோயம்புத்தூர் போய் ஸ்கேன் எடுத்தேன். முதுகெலும்பின் அடிப்பக்கம் எல்4, எல்5 என்கிற எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கிற டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொடுகிறது, ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையும் உடற்பயிற்சியும் போதும் என்றார் டாக்டர். நரம்பு வலிக்குப் பிரீகாபலின் எழுதிக் கொடுத்தார். ஒரு விஷயத்தை அவர் அழுத்திச் சொன்னார், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்து இழுத்தாலோ எதற்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த நேரத்தில் பாட்டும் வேண்டாம், தைலமும் வேண்டாம்.

பகலில் எப்படியோ ஓட்டிவிடுவேன், ராத்திரிதான் நரகம். கணவர் இறந்து ஒன்பது வருஷமாகிறது. மகள் சென்னையில் நர்சிங் படிக்கிறாள். குளிரில் கம்பளிக்குள் சுருண்டால் இடுப்பு இறுகும், காலை நீட்டினால் இழுக்கும். இனி தையலே முடியாதோ, மகள் படிப்பை எப்படி முடிப்பேன் என்ற நினைப்பு விடியும்வரை ஓடும். ஒரு நாள் காலையில் டீக்கு அடுப்பு பற்றவைக்கும்போது கையைப் பார்த்தேன். உள்ளங்கையில் நாலு நகமும் பதிந்து பிறை பிறையாகச் சிவந்திருந்தது. தூக்கத்தில்கூட கையை முறுக்கிக்கொண்டுதான் கிடந்திருக்கிறேன். தாடையும் அப்படித்தான், பல்லைக் கடித்துக் கடித்துக் காலையில் இட்லி மெல்லவே வலிக்கும்.

இந்த நிலையில்தான் ஒரு வாடிக்கையாளர் சொல்லி, மலைக்குக் கீழே இருந்த ஒரு மையத்துக்குப் போனேன். ராகத்தால் வலியைத் தீர்க்கிறோம் என்றார்கள். 21 நாள், 14,500 ரூபாய், முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டும். சுவரில் பெரிய அட்டவணை தொங்கியது, மூட்டு வலிக்கு ஒரு ராகம், சர்க்கரைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. மூன்று வாரத்தில் மாத்திரையே தேவைப்படாது என்று அடித்துச் சொன்னார்கள். பீரோவில் மகளின் அடுத்த தவணைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினேன். அவளிடம் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் இரண்டு நாள் சுகமாகத்தான் இருந்தது. இருட்டறை, மெத்தை, காதில் வீணை, முக்கால் மணி நேரம் யாரும் தொந்தரவு பண்ணாத அமைதி. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் தோள் கீழே இறங்கியது. ஆனால் திரும்பி வருவது மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் மலைப்பாதை. குஞ்சப்பனை வருவதற்குள் பஸ் வளைவுக்கு வளைவு தூக்கிப் போட்டு, அறையில் கிடைத்த சுகமெல்லாம் கரைந்துவிடும். வீடு சேரும்போது போனபோது இருந்ததைவிட வலி அதிகமாக இருக்கும். வலி உள்ளவர்கள் ஒரு சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே போய்வருகிற பாதையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் இருக்கிற நமக்கு இது சின்ன விஷயம் கிடையாது.

எட்டாவது நாள், மாத்திரை போட்டால் ராகம் உடம்பில் இறங்காது, இன்றோடு நிறுத்துங்கள் என்றார்கள். நானும் நிறுத்தினேன். அடுத்த மூன்று ராத்திரி கண்ணே மூடவில்லை. குளிரிலும் வியர்த்துக் கொட்டியது, வாந்தி வருவதுபோல் இருந்தது, நெஞ்சு படபடத்தது. போன் பண்ணிக் கேட்டால், உடம்பிலிருந்து கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்றார்கள். மூன்றாவது ராத்திரி 2 மணிக்கு மகளைக் கூப்பிட்டு அழுதுவிட்டேன். அவள் திட்டவில்லை. "அம்மா, அந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தக் கூடாது, இதெல்லாம் நிறுத்தினதால வர்றது. விடிஞ்சதும் டாக்டர்கிட்ட பேசு" என்றாள். டாக்டர் மறுபடி குறைந்த அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றினார். அந்த மையத்துக்கு அப்புறம் நான் போகவில்லை. மீதி நாளுக்குப் பணத்தைக் கேட்டேன், கிடைக்கவில்லை. கையில் பில்லே இல்லை, வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிய ஒரு துண்டுதான் இருந்தது.

யாராவது இசையால் வலி தீர்ப்பேன் என்று சொன்னால், முதலில் பில் கொடுப்பார்களா என்று கேளுங்கள். நாள் நாளாகப் பணம் கட்ட விடுவார்களா, பாதியில் நிறுத்தினால் மீதி வருமா என்று கேளுங்கள். நீங்கள் போடுகிற மாத்திரைகளின் பேரை எழுதி வாங்கி வைத்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள். என்னிடம் யாரும் அதைக் கேட்கவே இல்லை. மாத்திரையை நிறுத்து என்று டாக்டர் அல்லாத ஒருவர் சொன்னால் அன்றோடு அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. நீலாம்பரியில் தாலாட்டுப் பாடுவது நம் வழக்கம், கேட்டால் கண் சொக்கும், அதுவரைக்கும் உண்மை. டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது.

போகவரச் செலவு, 3,800 ரூபாய்க்கு அவர்கள் வாங்கச் சொன்ன ஹெட்போன் எல்லாம் போக, பெரிய நஷ்டம் ஜூன் மாசம் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம்தான் எனக்கு வருஷத்துச் சாப்பாடு. ஏப்ரல், மே இரண்டு மாசத்தையும் இப்படித் தொலைத்ததில் 60 செட் யூனிஃபார்ம் ஆர்டர் கைவிட்டுப் போனது. 24,000 ரூபாயாவது இருக்கும். வலியைவிட அந்த ஜூன் மாசம்தான் என்னை அதிகம் உடைத்தது. கடைக்கு எதிரே பிள்ளைகள் வேறு யாரோ தைத்த சட்டையில் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்டில் குன்னூரில் ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் போனேன். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவள் இருப்பாள். பயிற்சி சொல்லிக்கொடுக்கும் முன்னால் அரை மணி நேரம் பேசினாள். "அக்கா, உங்க வீட்டுப் பக்கம் கரடி வருமா?" என்று கேட்டாள். வராமல் இருக்குமா, கோத்தகிரியில் கரடி கதவு உடைக்காத தெரு எது? "ஒரு தடவை கரடி வந்துட்டுப் போன வீட்டு நாயைப் பாருங்க. அப்புறம் இலை அசைஞ்சாலும் குரைக்கும். கரடி போய் மாசக்கணக்கா ஆகியிருக்கும், நாய்க்கு அது தெரியாது. உங்க நரம்பு இப்ப அந்த நாய் மாதிரி இருக்கு. மூணு மாசத்துக்கு மேல போன வலியில இதுதான் நடக்குது. நீங்க பொய் சொல்லலை, வலி நிஜம்தான். ஆனா ஒவ்வொரு வலியும் புதுக் காயம்னு அர்த்தம் இல்லை" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாளும் குனியும்போதெல்லாம் உள்ளே ஏதோ மேலும் கிழிகிறது என்றே பயந்துகொண்டிருந்தேன்.

மையத்துக் கதையையும் சொன்னேன். இசை கெட்டதில்லை, அது செய்யாத வேலையைச் செய்யும் என்று சொன்னதுதான் தப்பு என்றாள். பாட்டு கேட்டால் பயம் தணியும், இறுகிக் கிடக்கிற தசை கொஞ்சம் விடும், கவனம் வலியிலிருந்து நகரும், தூக்கம் வரும். அப்புறம் அவள் கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "அக்கா, உங்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?" 14,500 ரூபாய் வாங்கினவர்கள் ஒருத்தர்கூட இதைக் கேட்கவில்லை. அடுத்தவர் தேர்ந்தெடுத்துத் தருவதைவிட நமக்குப் பிடித்து நாமே தேர்ந்தெடுக்கிற இசைதான் வலிக்கு அதிகம் உதவுகிறது என்று அவள் சொன்னாள். என் அனுபவத்திலும் அப்படித்தான்.

வீட்டிலேயே ஆரம்பித்தேன். ஆனால் பிடி கிடைக்க எனக்கு இரண்டு மாசம் ஆனது. அந்தத் தப்புகளைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதே இடத்தில்தான் இடறுவீர்கள். முதல் நாள் போனில் இலவசமாகப் புல்லாங்குழல் போட்டுப் படுத்தேன். பத்து நிமிஷத்தில் உடம்பு தளர்ந்து வருகிற நேரம், நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரம் கத்தியது. தூக்கிவாரிப் போட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டு அன்று ராத்திரி முழுக்க அவதி. சாதாரண ஆளுக்கு எரிச்சலோடு போய்விடும், நம் உடம்புக்கு அது அடி. அதனால் பாட்டுகளை மெமரி கார்டில் ஏற்றி, கார்டு போடுகிற சின்ன ஸ்பீக்கரில் கேளுங்கள். ஸ்பீக்கர் 650, கார்டு 350, எல்லாம் சேர்த்து ஆயிரத்தோடு முடிந்தது. போனிலேயே கேட்பதானால் பதிவிறக்கி வைத்து ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். அழைப்பும் வராது, அடுத்து என்ன பாட்டு குதிக்குமோ என்ற பயமும் இருக்காது. அந்த விலை உயர்ந்த ஹெட்போன் பீரோவில் தூங்குகிறது. ஒருக்களித்துப் படுக்கிறவருக்கு அது காதை நசுக்கும்.

இரண்டாவது, பிடித்த பாட்டு எல்லாமே ஓய்வுக்கு ஆகாது. என் கணவர் கடையில் ரேடியோவோடு சேர்ந்து பாடுவார். அந்தப் பழைய சினிமாப் பாட்டுகளை ஆசையாக ஏற்றி வைத்தேன். இரண்டாவது பாட்டிலேயே தொண்டை அடைத்து, நெஞ்சு இறுகி, எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவற்றை நான் அழிக்கவில்லை. தனி கார்டில் வைத்திருக்கிறேன், அழ வேண்டும் என்று தோன்றுகிற நாளுக்கு அது வேண்டும். வலிக்கான அரை மணி நேரத்துக்கு வார்த்தையில்லாத வாத்தியமோ, வார்த்தை இருந்தாலும் கதை ஒட்டிக்கொள்ளாத பாட்டோ எனக்கு ஒத்துவருகிறது. உங்களுக்குச் சர்ச் பாட்டாக இருக்கலாம், ஊர்த் திருவிழாவில் கேட்ட மெட்டாக இருக்கலாம். போட்டுப் பார்த்து உடம்பைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது தப்புதான் பெரியது. வலி உச்சத்தில் இருக்கும்போது மட்டும் பாட்டைத் தேடினேன். மூன்று வாரம் கழித்து டானிங்டனில் ஒரு டீக்கடையில் அதே புல்லாங்குழல் கேட்டது. நின்ற இடத்தில் என் இடுப்பு விறைத்தது. அந்த இசைக்கும் வலிக்கும் நானே முடிச்சுப் போட்டுவிட்டிருந்தேன். பிசியோ பெண் சொன்னபடி மாற்றினேன். வலி பத்துக்கு மூன்று, நாலு என்று இருக்கிற நேரமாகப் பார்த்து, தினமும் சாயங்காலம் 4 மணிக்கு, வேறு புது இசையோடு ஆரம்பித்தேன். கடைக் கதவில் "4 முதல் 4.30 வரை இல்லை" என்று அட்டை தொங்கவிட்டேன். இரண்டு வாரம் போனபின் அந்த முதல் தம்புரா சத்தம் கேட்டாலே மூச்சு தானாக நீளமாக வர ஆரம்பித்தது. அப்புறம்தான் கடுமையான ராத்திரிகளில் அது கை கொடுத்தது.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிமிஷத்துக்கு 60 முதல் 80 தட்டு வருகிற இசைதான் பொதுவாக ஓய்வுக்கு நல்லது. அதை அளக்க ஒன்றும் வேண்டாம், பாட்டுக்குத் தானாகக் கால் தட்டுமே, கடிகாரத்தில் 15 விநாடி பார்த்து எண்ணுங்கள். 15-லிருந்து 20 வந்தால் சரி. ஆனால் மனசு பதறுகிற நாளில் எடுத்த எடுப்பிலேயே மெதுவான இசை போட்டால் ஒட்டாது, எரிச்சல்தான் வரும். வேகமாக ஓடுகிற மெஷினைச் சட்டென்று நிறுத்தினால் நூல் அறுந்துவிடும், மிதியை விட்டு விட்டுத்தான் நிறுத்த வேண்டும். அதுபோல முதல் பாட்டு கொஞ்சம் ஓட்டமாக, அடுத்தது நிதானமாக, கடைசி இரண்டும் மெதுவாக என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை, கீழே இரண்டு கம்பளி, ஏனென்றால் நம் ஊர்த் தரை குளிர் நேரே முதுகில் ஏறும். வெந்நீர்ப் பை வைப்பதானால் துண்டில் சுற்றுங்கள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, எனக்குக் கெண்டைக்காலில் கொப்புளம் வந்தபிறகுதான் இது புரிந்தது. பாட்டு ஓட ஆரம்பித்ததும் ஏதாவது ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவேன். நடுநடுவே தாடை, தோள், கை மூன்றையும் பார்ப்பேன். கடித்திருந்தால் விடுவேன், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குவேன். கவனம் வலிக்குப் போனால் போகட்டும், மறுபடி வாத்தியத்துக்கு வந்தால் போதும். வீட்டில் மற்றவர்கள் இருந்தால் அவர்களிடம் ஒன்று சொல்லி வையுங்கள், அரை மணி நேரம் முடிந்து எழுந்ததும் "வலி போச்சா?" என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி வந்ததுமே நாம் வலியைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

மழைக்காலத்தில் தகரக் கூரையில் அடிக்கிற சத்தத்துக்குப் போட்டியாக நான் ஒலியைக் கூட்டிக்கொண்டே போய், பத்து நாளில் காதில் 'ஙொய்' என்று இரைச்சல் வந்தது. வாரத்துக்கு 40 மணி நேரம், அதுவும் 80 டெசிபலைத் தாண்டாமல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு, மகள்தான் சொன்னாள். மழை பலமாக இருந்தால் இப்போது இசையை நிறுத்திவிட்டு மழையையே கேட்கிறேன். அதுவும் ஒரே சீராகத்தான் பெய்கிறது.

எவ்வளவு பலன் என்று கேட்பீர்கள். தையல் அளவு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் 40 நாள் எழுதி வைத்தேன், வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்கும் முன் ஒரு எண், கேட்டபின் ஒரு எண். பெரும்பாலான நாள் ஒரு புள்ளிதான் இறங்கியது, சில நாள் இரண்டு. 9 நாள் ஒன்றும் மாறவில்லை. மகளிடம் காட்டினேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 2006-ல் 51 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததாகச் சொன்னாள். அதில் நிறைய ஆபரேஷன் வலிதான். இசை கேட்டவர்களுக்கு வலியும் குறைந்தது, வீரியமான வலி மருந்தின் தேவையும் குறைந்தது, ஆனால் குறைந்த அளவு சின்னது, பத்துக்கு அரைப் புள்ளி போல என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதைக் கேட்டு எனக்கு ஏமாற்றம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. என் நோட்டு பொய் சொல்லவில்லை, நான் சரியாகச் செய்யாததால் வலி போகவில்லை என்ற குற்ற உணர்ச்சியும் வேண்டியதில்லை.

எண்ணில் வராத மாற்றம் ஒன்று உண்டு. காலையில் உள்ளங்கையில் நகம் பதிவது நின்றுவிட்டது. பாட்டு முடிந்த கையோடு எழுந்து பயிற்சி செய்தால் பயமில்லாமல் குனிய முடிகிறது. படுத்துப் பாட்டு கேட்டுக்கொண்டே நாளைக் கழிப்பது பிசியோ பெண்ணுக்குப் பிடிக்காது, அசையத்தான் வேண்டும் என்பாள். மெஷினுக்கு மோட்டார் போட்டுவிட்டேன், 40 நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். மாத்திரையை டாக்டரே மெதுவாகப் பாதியாகக் குறைத்திருக்கிறார். வலி இன்னும் இருக்கிறது, மார்கழி வந்தால் கூடும். ஆனால் இந்த ஜூனில் 45 செட் தைத்துக் கொடுத்தேன்.

போன வாரம் அரவேணுவிலிருந்து ஒரு பாட்டி ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தார். முப்பது வருஷம் தோட்டத்தில் இலை எடுத்த உடம்பு, நிற்க முடியாமல் கட்டிங் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ ஒரு இடத்தில் பாட்டு வைத்து வலி எடுக்கிறார்களாமே, பேரன் பணம் கட்டுகிறேன் என்கிறான், போகட்டுமா கண்ணு என்று கேட்டார். கட்ட வேண்டாம் பாட்டி என்று உட்காரவைத்து, இதையெல்லாம் சொன்னேன். என்ன பாட்டு பிடிக்கும் என்று கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், நாலு பேர் சேர்ந்து இலை எடுக்கும்போது அவர் அம்மா பாடுவாராம், அந்த மெட்டை மெல்ல முனகினார், வார்த்தை பாதிதான் ஞாபகம் இருந்தது. போனில் பதிவு பண்ணிக்கொண்டேன். புதன்கிழமை ரவிக்கை வாங்க வரும்போது பேரனையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன், கார்டில் ஏற்றிக் கொடுக்க வேண்டும்.